மீட்டவர் யார்? மீண்டது யாருக்காக?

தெல்தோட்டைக்கு அப்பால், ஹேவாஹெட்டை மலைச்சரிவிலே லூல்கந்துர என்றொரு தோட்டம் உண்டு. 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் அங்கே 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். இரண்டாண்டுகளில் கோப்பியை இலைநோய் பற்றியது. அதன்பின் பதினைந்து வருஷங்களுக்குள் கோப்பித் தோட்டங்கள் பாழாயின. துரைமார் கடனில் மூழ்கினர். 1884இல் ஓரியண்டல் வங்கியும் முறிந்தது. நொடிந்துபோன அந்தத் தொழிலைத் தேயிலை தூக்கி நிறுத்தியது. சரித்திரப் புத்தகங்கள் இவ்வளவையும் சொல்லுகின்றன. பட்டுப்போன கோப்பித் தூர்களைப் பிடுங்கியெறிந்து, அதே மண்ணில் தேயிலைக் கன்று நட்ட கரங்கள் யாருடையவை என்பதை மட்டும் அவை சொல்லுவதில்லை. டெயிலரின் கல்லறை கண்டி மகியாவையில் பெயரோடு நிற்கிறது. கன்று நட்டவர்கள் பெயரின்றித் தேயிலைக்கு உரமானார்கள்.

ஆகவே, நொடிந்த தொழில் ஒன்று மீண்டெழுந்தது என்று எவரேனும் வியந்து பேசும்போது, இந்த மலைகளின் மடியில் வாழும் நாம் இரண்டு கேள்விகளைக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம். மீட்டவர் யார்? மீண்டது யாருக்காக?

இக்கேள்விகளை இன்று நாம் எழுப்புவது தேயிலையைக் குறித்தன்று. சித்திரக் கதைகளைக் குறித்து. சிவகாசியிலிருந்து வெளிவரும் முத்து, லயன் காமிக்ஸ் இதழ்கள் ஏறக்குறைய அழிவின் விளிம்புவரை சென்று மீண்டு வந்த கதை, தமிழ்ப் பதிப்புத்துறையில் ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லப்படுகிறது. வெற்றிதான், மறுப்பதற்கில்லை. ஆயின் அந்த வெற்றியிலிருந்து பெறவேண்டிய பாடத்தை விட்டுவிட்டு, வேறு பாடங்களைப் பெறுவோர் இரு சாராராக இருக்கிறார்கள். ‘சந்தை என்னும் தெய்வம் திறமையைக் கைவிடாது’ என்று பூசை போடுவோர் ஒரு சாரார். ‘சித்திரக் கதையாவது, இலக்கியமாவது, அது இருந்தால் என்ன, செத்தால் என்ன?’ என்று முகம் சுளிக்கும் நம்மவர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருக்கும் மறுமொழி சொல்லவேண்டிய நேரம் வந்துவிட்டது.

முதலில் நடந்தது என்னவென்று பார்ப்போம். 1972ஆம் ஆண்டில் ‘இரும்புக்கை மாயாவி’ என்ற இதழுடன் முத்து காமிக்ஸ் தமிழ்ச் சிறுவரிடம் வந்தது. அதனைத் தொடங்கியவர் சிவகாசியைச் சேர்ந்த சௌந்தரபாண்டியன். ஆரம்பகால ஆசிரியர் முல்லை தங்கராசன். பிரிட்டனில் வேலியண்ட் என்ற வார ஏட்டில் வெளிவந்த எஃகுக் கரத்தானின் கதையே தமிழில் மாயாவியாயிற்று. 1984இல் சௌந்தரபாண்டியனின் மகன் விஜயன், பள்ளிப் பருவம் தாண்டிய இளவயதிலேயே, லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டில் தினத்தந்தி நிறுவனத்தாரின் ராணி காமிக்ஸும் வந்தது. பெட்டிக்கடையில் தொங்கவிடப்பட்ட இந்த மலிவு விலைப் புத்தகங்கள் தமிழ்நாட்டின் சிற்றூர்களிலே சிறுவரை வாசகர்களாக்கின. கடல் கடந்தும் அவை வந்தன. அட்டை கிழிந்து, முதற் பக்கமும் கடைசிப் பக்கமும் போய், மூன்றாம் கையிலும் நான்காம் கையிலும் அவை படிக்கப்பட்டன. பாடப் புத்தகத்தைத் தவிர வேறு அச்செழுத்து நுழையாத வீடுகளில் அவைதாம் முதல் நூலகமாக இருந்தன.

பின்னர் தொலைக்காட்சி வந்தது. காமிக்ஸ் படித்த சிறுவர் வளர்ந்து வேலைக்குப் போயினர். அவர்கள் விட்ட இடத்துக்குப் புதிய சிறுவர் போதிய அளவில் வரவில்லை. இவற்றைக் காட்டிலும் கொடிய நோயொன்று தொழிலின் உள்ளேயே இருந்தது. பத்திரிகை விற்பனை முறை எப்படிப்பட்டது என்பதைச் சிறு பத்திரிகை நடத்திய ஒவ்வொருவரும் அறிவர். பதிப்பாளர் கைப்பணம் போட்டுக் காகிதம் வாங்கி அச்சிடுகிறார். முகவர் கடனுக்கு எடுக்கிறார். விற்றதற்குக் கழிவு போக மீதி, மாதங்கள் கழித்து வருகிறது, அல்லது வராமலே போகிறது. விற்காதவை கட்டுக்கட்டாகத் திரும்பி வருகின்றன. அடுத்த இதழுக்குக் காகிதம் வாங்கவேண்டிய பணம் எங்கோ ஒரு கடையின் மூலையில் தூசி படிந்து கிடக்கிறது. பெருநிறுவனமாயின் இந்த நட்டத்தை வேறு வரவால் ஈடு செய்யும். சிறு பதிப்பாளருக்கு அந்த வசதி ஏது? 2000ஆம் ஆண்டுகளில், பத்து ரூபாய் விலையில், மட்டமான தாளில், எப்போது வரும் என்று சொல்லமுடியாத இதழ்களாக லயனும் முத்துவும் குறுகிப்போயின. ஆண்டுக்கு ஒருசில இதழ்கள் வந்தாலே பெரிது என்ற நிலை.

இங்கேதான் வாசகர் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். பெரும் நாளிதழ் நிறுவனத்தின் முதலும் விநியோக வலையும் பின்னால் நின்ற ராணி காமிக்ஸ் 2005இல் நின்றுபோயிற்று. டைம்ஸ் ஒப் இந்தியா நிறுவனத்தின் இந்திரஜால் காமிக்ஸோ 1964இல் தொடங்கி 1990இலேயே முடிந்துவிட்டிருந்தது. முதலற்ற சிவகாசி இதழ்கள் பிழைத்தன. முதல் நிறைந்தவை மாண்டன. பணம்தான் பத்திரிகையை வாழவைக்கும் என்ற சித்தாந்தம் இந்த ஓர் உதாரணத்திலேயே உடைந்து விழுகிறது. பெருமுதலுக்குச் சித்திரக் கதை ஒரு கணக்கு. இலாபம் குன்றியதும் கணக்கை மூடிவிடலாம். அதை உயிராக நினைத்தவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள்.

அவர்கள் வாசகர்கள். 2010ஆம் ஆண்டில் ‘இரத்தப் படலம்’ என்ற நெடுங்கதையின் 18 பாகங்களையும் ஒரே தொகுதியாக வெளியிட முன்பணம் கோரப்பட்டபோது, இன்னும் அச்சேறாத புத்தகத்துக்காக அவர்கள் பணம் கட்டினார்கள். 2012 ஜனவரியில், சென்னைப் புத்தகக் கண்காட்சியின்போது, ‘லயன் கம்பேக் ஸ்பெஷல்’ நூறு ரூபாய் விலையில் வந்தது. அதன்பின் நல்ல தாளும் வண்ண அச்சும் ஐரோப்பியக் கதைகளுமாக, ஆண்டுச் சந்தாவை ஆதாரமாகக் கொண்டு இதழ்கள் ஒழுங்காக வரலாயின. ஆசிரியர் தம் பக்கத்தில் வரவு செலவுச் சங்கடங்களை ஒளிக்காமல் வாசகரிடம் பேசினார். வாசகர் இன்ன கதை வேண்டும், இன்னது வேண்டாம் என்று வாதாடினர். பணம் அச்சுக்கு முன்னே வந்தது. எத்தனை பிரதி அச்சிடவேண்டும் என்பது ஓரளவு முன்னரே தெரிந்தது. திரும்பி வரும் கட்டுகள் குறைந்தன. முகவரின் கடன் புத்தகத்தில் சிக்கியிருந்த உயிர் விடுபட்டது.

மீட்டவர் யார் என்ற கேள்விக்கு இங்கே விடை தெளிவாகவே இருக்கிறது. வங்கி மீட்கவில்லை, வள்ளல் மீட்கவில்லை, அரசாங்கம் திரும்பியும் பார்க்கவில்லை. பதிப்பாளரின் விடாப்பிடியும், சிதறிக் கிடந்த வாசகர் ஒருவர்மேல் ஒருவர் நம்பிக்கை வைத்து முன்கூட்டியே பணம் தந்ததும் சேர்ந்து மீட்டன. இதற்குப் பெயர் சந்தையின் அற்புதமா? சந்தை தன் தீர்ப்பை 2000ஆம் ஆண்டுகளிலேயே எழுதிவிட்டது. அந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ள மறுத்தவர்களே வாசகர்கள். ஐக்கிய நாணய சங்கம் கண்ட நமக்கு, சீட்டுப் பிடித்துக் கல்யாணம் முடிக்கும் நமக்கு, இந்த முறை புதியதன்று. பலரின் சிறு காசு முன்னதாகவே ஒன்று சேர்ந்தால் ஒருவரின் பெருங்கடன் தேவைப்படாது என்ற பழைய உண்மைதான் இது.

சந்தை மீட்டால் எப்படி மீட்கும் என்பதையும் பார்த்துவிடுவோம். உலகத்திலேயே மிகப் பிரசித்தமான உதாரணம் அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம். 1989இல் ரொனால்ட் பெரெல்மன் என்னும் கோடீஸ்வரர் அதனை 82.5 மில்லியன் டொலருக்கு வாங்கினார். சித்திரக் கதை அப்போது படிக்கும் பொருளாக இருந்தது போய், பூட்டி வைத்துப் பின்னால் விற்கும் பொருளாயிற்று. ஒரே இதழுக்கு ஐந்து விதமான அட்டைகள் போட்டு, 1991இல் ஒரு தலைப்பை மட்டும் எண்பது இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றார்கள். அத்தனை பிரதிகளுக்கும் வாசகர் இருந்தனரா? இல்லை, சூதாடிகள் இருந்தனர். நீர்க்குமிழி உடைந்தது. கடைகள் மூடப்பட்டன, தொழிலாளர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர், 1996 டிசம்பரில் நிறுவனம் நீதிமன்றத்தில் முறிவுப் பாதுகாப்புக் கோரியது. பங்குச் சூரர்கள் இரண்டாண்டுகள் அதன்மேல் மல்யுத்தம் நடத்தியபின், 1998இல் அது ஒரு பொம்மைக் கம்பனியோடு இணைக்கப்பட்டது.

அப்புறம் நேர்ந்த மீட்சி எதனால்? கதாபாத்திரங்களைச் சினிமாவுக்கு விற்றார்கள். 2005இல் பாத்திரங்களையே ஈடு வைத்து 525 மில்லியன் டொலர் கடனுக்கு வழி செய்துகொண்டு, தாமே படம் பிடிக்க முனைந்தார்கள். அந்தக் கடனில் எழுந்த முதற் படமாகிய ‘அயன் மேன்’ 2008இல் வந்தது. மறு ஆண்டே டிஸ்னி நிறுவனம் மார்வெலை ஏறத்தாழ 4 பில்லியன் டொலருக்கு வாங்குவதாக அறிவித்தது. மீட்சி என்றால் இதுவல்லவோ மீட்சி என்று வியாபாரப் பாடநூல்கள் கைதட்டுகின்றன.

அந்தப் பாத்திரங்களைத் தம் தூரிகையால் பிறப்பித்தவர்களில் முதன்மையானவர் ஜாக் கிர்பி. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி வரைந்த அவர், 1994இல் இறந்தார். அவருடைய பிள்ளைகள் உரிமை கோரி நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியபின், 2014இல்தான் ஒரு சமரசம் ஏற்பட்டது. சுப்பர்மேனைப் படைத்த சீகலும் ஷஸ்டரும் 1938இல் அதன் முழு உரிமையையும் 130 டொலருக்குக் கொடுத்துவிட்டு, முதுமையில் உதவித்தொகைக்காகப் போராடவேண்டியிருந்ததும் இதே தொழிலில்தான். லூல்கந்துரவில் கன்று நட்டவரின் கதைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? தொழில் மீண்டது. முதல் மீண்டது. உழைத்தவன் பெயர் நீதிமன்றக் கட்டுகளில் கிடந்தது. படிக்கும் பிள்ளையோ கணக்கிலேயே இல்லை. மீட்கப்பட்டது புத்தகமுமன்று, பாத்திரங்களின் மேலுள்ள உரிமைப்பத்திரம்.

இவ்விரண்டு மீட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் சிவகாசியின் வழியையே மேலானதென்று சொல்லுவர், நாமும் சொல்லுகிறோம். ஆனால் நமது இரண்டாவது கேள்வி இன்னும் மிச்சமிருக்கிறது. மீண்டது யாருக்காக?

மலைநாட்டில் லயன் என்றதும் சிங்கம் நினைவுக்கு வருவதில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகளை வரிசையாக அடுக்கிய குடியிருப்புத்தான் நினைவுக்கு வருகிறது. அந்த லயனில் இருக்கும் பிள்ளைக்கு இந்த லயன் எட்டுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அவ்வாண்டில் இந்திய ரூபாய் ஒன்று நமது நாணயத்தில் ஏறத்தாழ மூன்றரை ரூபாய். மீட்சியின் முதல் இதழுக்கு வைக்கப்பட்ட நூறு ரூபாய் விலை, தபாற் செலவும் கடைக்காரர் இலாபமும் சேராமலே, நமக்கு 350 ரூபாய். அதாவது ஒரு முழுப்பேரின் நாலில் ஒரு பங்கு. 2013இல் வந்த சிறப்பிதழின் நானூறு ரூபாய் விலையை இதே கணக்கில் மாற்றினால் 1,400 ரூபாய். மலையேறிக் கொழுந்து பறித்து, நிறுவையில் தேறி, முழுப்பேர் விழுந்த ஒரு தாயின் ஒரு நாட் சம்பளத்துக்கு அந்த ஒரு புத்தகம் வராது. நாணயம் சரிந்து, காகிதம் இல்லாமல் பள்ளிப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்ட 2022ஆம் ஆண்டுக்குப் பின், எந்தப் புத்தகமும் நம் பிள்ளைகளுக்குத் தூரமாகிவிட்டது. சித்திரக் கதை மேலும் தூரமாயிற்று.

விலையேற்றத்துக்காகப் பதிப்பாளரை நாம் ஏசவில்லை. சிறு எண்ணிக்கையில், வண்ணத்தில், அயல்நாட்டு உரிமைத் தொகை செலுத்தி அச்சிடும் புத்தகம் மலிவாக வராது. ஆயினும் விளைவைச் சொல்லாமலிருக்க முடியாது. பெட்டிக்கடையில் சில்லறை கொடுத்து வாங்கிய சிறுவனை நம்பி நின்ற இதழ், உத்தியோகமும் வருமானமும் உள்ள நடுவயதினரின் சந்தாவை நம்பி நிற்கும் இதழாயிற்று. பணம் தருபவர் சுவையே கதையைத் தேர்ந்தெடுக்கும், அது இயல்பு. அவர்கள் தம் இளமையைத் திரும்ப வாங்க விரும்புகிறார்கள். பழைய மாயாவியும் பழைய குதிரை வீரரும் புதுச்சட்டை போட்டு வருகிறார்கள். ஆசையோடு வாங்கிய புத்தகம் கண்ணாடி அலமாரியில் ஏறுகிறது. அலமாரியில் ஏறிய புத்தகம் மூன்றாம் கைக்கும் நான்காம் கைக்கும் போகாது. அங்கேதான் அமெரிக்கச் சூதாட்டத்தின் நிழல் மெல்லப் படிகிறது. இன்று ஐம்பது வயதான வாசகனுக்கு நாளை எழுபது வயது. அவனுக்குப் பின் வரிசையில் பிள்ளைகள் இல்லையென்றால், இந்த மீட்சி மரணத்தைத் தள்ளிவைத்த தவணையே ஆகும். பிள்ளை வாசகனில்லாத சித்திரக் கதை, நாற்றுமேடையில்லாத தோட்டம்.

இனி நம்மவரிடம் பேசுவோம். சித்திரக் கதையை ‘நச்சிலக்கியம்’ என்று ஒரே சொல்லால் ஒதுக்கும் முற்போக்கு நண்பர்கள் உளர். அவர்களுடைய கோபத்துக்கு நியாயமில்லாமலில்லை. காட்டுவாசிகளை ஆளும் முகமூடி வெள்ளையன், செவ்விந்தியரைச் சுட்டுத்தள்ளும் குதிரைவீரன், ஏகாதிபத்தியத்தின் ஒற்றனே உலகத்தின் காவலன் என்னும் கற்பனை ஆகியன சித்திரக் கதை வழியாக மூன்று தலைமுறைப் பிள்ளைகளின் மூளையில் ஏறின. இதை நாம் கண்டிக்கவே வேண்டும். ஆனால் நஞ்சு கலந்திருக்கிறது என்பதற்காகக் கிண்ணத்தையே உடைப்பது அறிவாகாது. 1950களில் பிரிட்டனில் கம்யூனிஸ்டுகளும் ஆசிரியர்களும் பாதிரிமாரும் ஒன்றுசேர்ந்து அமெரிக்கப் பயங்கரக் கதை ஏடுகளுக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தனர். 1955இல் தடைச்சட்டம் வந்தது. அதற்குப்பின் பிரிட்டிஷ் பிள்ளைகள் கையில் தவழ்ந்தவை பாட்டாளியின் கதைகளா? போர்வீரரும் ஒற்றரும் மாயக்கரத்தாருமே அங்கும் ஆண்டனர். நமது இரும்புக்கை மாயாவியே 1962இல் அந்த மண்ணில் முளைத்தவன்தான். தடை வெற்றிடத்தை உண்டாக்கும். வெற்றிடத்தை நிரப்ப நம்மிடம் சரக்கு இருக்கவேண்டும்.

சரக்கு உண்டாக்க முடியும் என்பதற்கு உலகத்திலே சாட்சிகள் உண்டு. ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தப்பிப் பிழைத்த நகசாவா கெய்ஜி, தம் கண்ணால் கண்ட கொடுமையை 1973 முதல் ‘வெறுங்கால் ஜென்’ என்ற சித்திரக் கதையாக வரைந்தார். யுத்தத்தை எதிர்த்த இளைஞர்கள் கூலி வாங்காமல் அதனைப் பிற மொழிகளுக்குப் பெயர்த்தார்கள். இரானியப் பெண் ஒருத்தியின் பிள்ளைப் பருவத்தையும் ஒரு புரட்சியின் ஏமாற்றத்தையும் மார்ஜான் சத்ரபி சித்திரங்களாலேயே சொன்னார். அது தமிழிலும் வந்திருக்கிறது. நம் நாட்டிலே, சிவஞானசுந்தரம் தனியொருவராக நின்று ‘சிரித்திரன்’ ஏட்டை நடத்தி, சவாரித் தம்பர் முதலாய நம்மூர் மனிதரைக் கோடுகளால் உயிர்ப்பித்துக் காட்டவில்லையா? 1970களில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, ‘நம்மால் முடியாது’ என்றிருந்த ஈழத்துப் பதிப்புத்துறையில் வீரகேசரிப் பிரசுரங்கள் நாவல் நாவலாக வெளிவரவில்லையா? அந்த வாய்ப்பிலும் நாவலை நினைத்த நாம் பிள்ளைகளின் சித்திரக் கதையை நினைக்கவில்லை. இந்தத் தீவின் சிங்களப் பிள்ளைகள் தம் மொழியில், தம் ஓவியர் வரைந்த சித்திரக் கதை ஏடுகளுக்காகக் காத்து நின்ற காலத்தில், தமிழ்ப் பிள்ளை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகவே சிவகாசியிடமிருந்து நாம் இறக்குமதி செய்யவேண்டியது புத்தகத்தை மட்டுமன்று. அந்த முறையையும் சேர்த்தே. தெல்தோட்டையிலும் கலஹாவிலும் உள்ள தோட்டங்களிலே பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு சந்தா கட்டலாம். ஒரு குடும்பத்துக்கு எட்டாத விலை பத்துக் குடும்பத்துக்கு எட்டும். வாசிகசாலை உள்ள தோட்டங்களில் அந்த இதழ்கள் பொதுவில் கிடக்கட்டும், அட்டை கிழியட்டும், கிழிந்த அட்டையே படிக்கப்பட்ட புத்தகத்தின் பதக்கம். பிரதேச சபை நூலகங்கள் சித்திரக் கதைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் வாங்கவேண்டுமென்று மனுப் போடுவோம். வாக்குக் கேட்டு வருவோரிடம் ரோட்டைக் கேட்பதுபோல் இதையும் கேட்போம். சிவகாசிப் பதிப்பாளருக்கும் நமது வேண்டுகோள் ஒன்று உண்டு: சேகரிப்பாளருக்கு வண்ணப் பதிப்பு இருக்கட்டும்; அதனோடு பிள்ளைகளுக்கெனச் சாதாரணத் தாளில் ஒற்றை மையில் ஒரு மலிவுப் பதிப்பும் வரட்டும். உங்களை மீட்ட வாசகர் எல்லோரும் ஒரு காலத்தில் அந்த மலிவுத் தாளில் படித்த பிள்ளைகளே.

கடைசியாக, நம் எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் ஒரு சொல். லூல்கந்துரவின் கதை இன்னும் வரையப்படவில்லை. மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்களின் கதை, வழியில் விழுந்தவர்களின் கதை, கோப்பி அழிந்தபோது சம்பளமின்றிப் பட்டினி கிடந்து, தேயிலையால் துரைமார் தலைநிமிர்ந்தபோதும் அதே அறையில் கிடந்தவர்களின் கதை: இவற்றைக் காட்டிலும் சாகசம் நிறைந்த கதையை எந்த மாயாவி தருவான்? முப்பத்திரண்டு பக்கம், கறுப்பு மை, நூறு பேர் முன்னதாகக் கட்டிய காசு. இவ்வளவு போதும், தொடங்குவதற்கு.

ஒரு பதிப்பகம் நொடிந்து மீண்டதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். ஆனால் லயத்துப் பிள்ளையின் கைக்குப் புத்தகம் வந்து சேரும்வரை அந்த மீட்சி அரைப்பேர் கணக்கே. அதை முழுப்பேராக்கவேண்டியவர்கள் வாசகர்களாகிய நாமே.